ஏழாம் அத்தியாயம்: அரபு மூலநூல்களும் இஸ்லாமியச் சிந்தனையும் – மேற்படிப்புக்கு ஆயத்தமாகும் முறை

திருவண்ணாமலையின் மாடவீதிகளில் பிறந்து வளர்ந்த ஒருவர், அரபு மூலநூல்களையும் இஸ்லாமியச் சிந்தனையின் சரித்திரத்தையும் மேற்படிப்பாகக் கற்க விரும்புவதாக வீட்டில் சொல்வாரானால், அதற்குக் கெய்ரோவுக்குப் போகவேண்டுமா, லண்டனுக்குப் போகவேண்டுமா என்பதே பெரும்பாலும் முதற் கேள்வியாக எழும். அக்கேள்விக்கு விடை கூறுமுன் கேள்விகளின் வரிசையையே மாற்றிவைக்க இவ்வத்தியாயம் விழைகிறது. எந்த ஊருக்குப் போவது என்பது கடைசியாகத் தீர்மானிக்கத்தக்கது. எந்த நூலை, யாரிடம், எவ்வளவு பிழையற வாசிக்கக் கற்றிருக்கிறோம் என்பதே முதலில் தீர்மானிக்கத்தக்கது. பின்னதில் உறுதி பெற்றவருக்கு முன்னது காலத்தில் வந்து கைகூடும்; அவ்வுறுதி இல்லாதவரோ, எத்துணைப் புகழ்பெற்ற சர்வகலாசாலையில் இடம்பெற்றாலும், பிறர் செய்த மொழிபெயர்ப்புக்களை நம்பியே காலம் கழிக்க நேரிடும்.

இப்படிப்பு முஸ்லிம்களுக்கு மட்டும் உரியது என்னும் எண்ணமும் தொடக்கத்திலேயே நீங்க வேண்டும். சர்வகலாசாலைகளின் அரபுத் துறைகளும் இஸ்லாமியவியல் துறைகளும் எல்லாச் சமயத்தாருக்கும் திறந்திருப்பவை. நம்பிக்கையோடு அணுகுபவரும், சரித்திர ஆர்வத்தோடு அணுகுபவரும் ஒரே வகுப்பில் அமர்ந்து ஒரே வாக்கியத்துக்குப் பொருள் காண்பதே இத்துறையின் சம்பிரதாயம். மூலத்தைத் திரிக்காமல் வாசிக்கும் நேர்மை இருவருக்கும் பொது.

1. அருகில் இருப்பவை

திருவண்ணாமலை, 1989ஆம் ஆண்டு வரையில், பழைய வட ஆர்க்காடு ஜில்லாவைச் சேர்ந்த ஊராக இருந்தது. அந்தப் பழைய எல்லையை மனத்தில் வரைந்துகொண்டு பார்த்தால், தென்னிந்தியாவில் அரபுக் கல்வி தழைத்த தலங்களுள் முக்கியமான சில அதற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. வேலூரில் ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிறுவிய அல்பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸாவும், அந்நகரிலேயே ஹஜ்ரத் மக்கான் என்று மக்கள் வழங்கும் இடத்திலுள்ள தாருல் உலூம் லதீஃபிய்யாவும், ஆம்பூரை அடுத்த உமராபாத்தில் காக்கா முஹம்மது உமர் அவர்கள் 1924இல் தொடங்கிவைத்த ஜாமிஆ தாருஸ்ஸலாமும், வாணியம்பாடியில் 1919 முதல் நடைபெற்றுவரும் இஸ்லாமியாக் கல்லூரியும், மேல்விஷாரத்தில் 1965இல் ஏற்பட்ட ஸி. அப்துல் ஹக்கீம் கல்லூரியும் அவ்வெல்லைக்குள் எழுந்தவையே. பாக்கியாத்தில் ஓதித் தேறியவர் பாகவி என்றும், உமராபாத்தில் ஓதித் தேறியவர் உமரி என்றும் தம் பெயரோடு பட்டம் சேர்த்துக்கொள்வது வழக்கம். உங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் இமாம் அத்தகைய பட்டமுடையவராக இருப்பின், உங்களுக்கு வேண்டிய முதல் ஆசிரியர் நடந்து செல்லும் தூரத்திலேயே இருக்கிறார் என்று கொள்ளலாம்.

இந்நிலம் எத்தகையவரை உருவாக்க வல்லது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 1933இல் வாணியம்பாடியிற் பிறந்த வி. அப்துர் ரஹீம் அவர்கள், அலிகாரிலும் பின்னர்க் கெய்ரோவின் அல்அஸ்ஹரிலும் பயின்று, மதீனாவின் இஸ்லாமியச் சர்வகலாசாலையில் நெடுங்காலம் அரபு கற்பித்தார். தாய்மொழி அரபு அல்லாதாருக்கென்று அவர் எழுதிய மூன்று பாகப் பாடநூல், ‘மதீனா புத்தகம்’ என்ற பெயரால் உலகின் பல தேசங்களில் இன்றும் தொடக்க வகுப்புக்களில் வைக்கப்படுகிறது. அரபியிற் கலந்த பிறமொழிச் சொற்களைப் பற்றி ஜவாலீக்கி இயற்றிய பழைய நூலைப் பதிப்பித்தவரும் அவரே. பாலாற்றங்கரையிற் பிறந்த ஒருவர் எழுதிய புத்தகத்தைக் கொண்டு ஐரோப்பியரும் ஆப்பிரிக்கரும் அரபு பயில்கின்றனர் என்றால், நம் பக்கத்து மாணாக்கர் தம்மைத் தொலைவில் நிற்பவராக எண்ணிக்கொள்வதற்கு நியாயம் இல்லை.

போக்குவரத்தும் கடினமன்று. விழுப்புரம்–காட்பாடி ரயில் பாதையில் திருவண்ணாமலையில் ஏறினால், போளூர், ஆரணி ரோடு, கண்ணமங்கலம் வழியாக வேலூர்க் கண்டோன்மெண்டில் இறங்கலாம். வாரத்தில் ஒரு நாள் வேலூருக்குச் சென்று ஓர் ஆலிமிடம் பாடம் கேட்டுத் திரும்புவது இயலாத காரியமன்று. பௌர்ணமி நாட்களிலும் கார்த்திகைத் தீபத்தை ஒட்டிய நாட்களிலும் மட்டும் ரயிலிலும் பஸ்ஸிலும் கிரிவல யாத்திரிகர் கூட்டம் மிகுந்திருக்குமாதலால், பரீட்சைக்கோ நேர்காணலுக்கோ வெளியூர் செல்லவேண்டியவர் அந்நாட்களுக்கு முந்திய தினமே புறப்பட்டுவிடுவது உத்தமம்.

இவ்வூருக்கே உரிய ஒரு வாயிலையும் இங்கே குறிப்பிட வேண்டும். ரமணாச்ரமத்தின் ‘மௌண்டன் பாத்’ பத்திரிகையை 1964இல் தொடங்கிய ஆர்தர் ஆஸ்பர்ன், பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரெனே கேனோனின் நூலொன்றை ஆங்கிலத்தில் தந்தவர். கேனோனோ, கெய்ரோவில் குடியேறி முஸ்லிமாக வாழ்ந்து 1951இல் மறைந்தவர். இத்தகையோர் எழுத்துக்களின் வழியாக ஸூஃபி ஞானத்தின்மேல் ஆவல் கொண்டவர் திருவண்ணாமலையிற் சிலர் இருப்பது இயல்பே. அவ்வாவல் மதிக்கத்தக்கது. ஆனால் ஆங்கில நூல்களின் மூலம் எல்லாச் சமயங்களின் சாரத்தையும் ஒருங்கே உணர முயல்வது ஒரு காரியம். ஒரு குறிப்பிட்ட நூற்றாண்டில் ஒரு குறிப்பிட்ட ஆசிரியர் அரபியில் எழுதிய வாக்கியம் இன்ன பொருளுடையது என்று ஸ்தாபிப்பது வேறொரு காரியம். மேற்படிப்பு இரண்டாவதையே கேட்கிறது.

2. இருவகை மாணாக்கர்

இத்துறைக்கு வருவோர் பெரும்பாலும் இரண்டு வழிகளில் வருகின்றனர். மதரஸாவில் ஏழெட்டு ஆண்டுகள் ஓதி ஆலிம் ஸனது பெற்றவர் ஒருவகை. கல்லூரியில் சரித்திரமோ, தத்துவமோ, இலக்கியமோ பயின்று பட்டம் பெற்றபின் அரபின் பக்கம் திரும்பியவர் மற்றொருவகை. முன்னவருக்கு நூலறிவு ஆழமாகவும் ஆராய்ச்சி முறை புதிதாகவும் இருக்கும். பின்னவருக்கு வினாவெழுப்பும் பழக்கம் கைவந்திருக்கும், மூலத்தை வாசிக்கும் ஆற்றல் இராது. இருவரும் தத்தம் குறையை அறிந்து நிரப்புவதே ஆயத்தத்தின் முதற் படி.

மதரஸாவிலிருந்து வருபவர் முதலாவதாக யோக்கியதைச் சான்றுகளைக் கவனிக்க வேண்டும். அலிகார் முஸ்லிம் சர்வகலாசாலை, டில்லியின் ஜாமியா மில்லியா இஸ்லாமியா போன்றவை சில மதரஸாக்களின் ஸனதுகளை அங்கீகரித்துப் பட்டியல் வெளியிடுகின்றன. தாம் ஓதிய மதரஸாவின் பெயர் அப்பட்டியலில் உண்டா, எந்த வகுப்புக்குச் சமமாக அது கொள்ளப்படுகிறது என்பவற்றை விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிக்கையிலேயே பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஓதும் காலத்திலேயே பன்னிரண்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதி, தொலைநிலைக் கல்வியிலாவது ஒரு பி.ஏ. பட்டத்தை முடித்துவைப்பவருக்குக் கதவுகள் பல திறக்கும். சென்னைச் சர்வகலாசாலை ஏற்படுத்திய அஃப்ஸலுல் உலமா என்னும் அரபுப் பட்டயமும் நெடுங்காலமாக இரு உலகங்களையும் இணைக்கும் பாலமாக விளங்கிவந்துள்ளது. இவற்றோடு ஆங்கிலத்தில் நாள்தோறும் சில பக்கங்கள் எழுதிப் பழகுதலும், ஓதிய நூலைப் பற்றி ‘இஃது எக்காலத்தது, யாருக்கு மறுப்பாக எழுந்தது, எந்தப் பிரதிகளில் நமக்குக் கிடைத்தது’ என்று கேட்டுப் பழகுதலும் வேண்டும்.

கல்லூரியிலிருந்து வருபவருக்குச் சொல்லவேண்டியது ஒன்றே: மொழியைக் குறுக்கு வழியிற் பெற முடியாது. நாள்தோறும் இரண்டு மணி நேரமாவது அதற்கென ஒதுக்க மனமில்லாதவர் வேறு துறையை நாடுவது அவருக்கும் நல்லது, துறைக்கும் நல்லது. பெண்களுக்கு இவ்வழி அடைபட்டதென்று கருதவும் வேண்டா. நிஸ்வான் மதரஸாக்கள் பல ஊர்களில் நடக்கின்றன, சர்வகலாசாலைத் துறைகளும் அவர்களை வரவேற்கின்றன.

3. மொழி

சிறுவயதில் மக்தபில் ஜபர், ஜேர், பேஷ் சொல்லிக் குர்ஆன் ஓதப் பழகியவருக்கு எழுத்தும் ஒலியும் கைவந்திருக்கும். அது பெரும் பாக்கியமே எனினும், அச்சில் வரும் அரபு நூல்களிற் பெரும்பாலானவற்றுக்கு அவ்வுயிர்க்குறிகள் இரா. குறியில்லாத ஒரு சொல்லை எப்படி ஒலிப்பது என்பதை இலக்கணமே நிச்சயிக்கிறது. ஒரு பெயர் எழுவாயாக நிற்கிறதா, செயப்படுபொருளாக நிற்கிறதா என்பதற்கேற்ப அதன் ஈற்றொலி மாறுமாதலால், வாக்கியத்தின் அமைப்பை உணராதவர் அதை உரக்க வாசிக்கவே இயலாது. இதனாலேயே மதரஸாக்களில் மாணாக்கன் இபாரத்தை, அதாவது மூல வாக்கியத்தை, வாய்விட்டு வாசிக்க, உஸ்தாது ஒவ்வோர் ஈற்றொலியையும் கவனித்துத் திருத்தும் முறை ஏற்பட்டது. இதைவிடச் சிறந்த பரீட்சை இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. வாசிப்பில் பிழை நேரும் இடமெல்லாம் பொருளிலும் பிழை இருக்கும்.

சொல் திரியும் முறையைக் கூறும் ஸர்ஃபும், சொற்கள் வாக்கியத்தில் நிற்கும் முறையைக் கூறும் நஹ்வும் இலக்கணத்தின் இரு கண்கள். ஏணிகள் பல உண்டு. அவற்றுள் ஒன்றைப் பற்றி உச்சிவரை ஏறுவதே முக்கியம். கல்லூரி வழியில் வருபவர், மேலே குறித்த அப்துர் ரஹீமின் மூன்று பாகங்களையும் பயிற்சிகளோடு முடித்தபின், ஆஜுரூமிய்யா என்னும் சிறு நூலையும், அதன் பின்னர் 1360இல் மறைந்த இப்னு ஹிஷாமின் கத்ருன் நதாவையும் ஓர் ஆசிரியரிடம் கேட்பது நலம். மதரஸா வழியினர் ஹிதாயத்துன் நஹ்வு, காஃபியா, அதன் மேல் பாரசீகக் கவி ஜாமி இயற்றிய ஷரஹு (உரை) என்னும் வரிசையில் ஏறியிருப்பார்கள். முன்னதைத் தொடங்கிவிட்டுப் பாதியில் பின்னதற்குத் தாவுவதும், ஒவ்வொரு மாதமும் புதிய செயலியையும் புதிய வகுப்பையும் தேடுவதும் விருதாக் காலக்ஷேபம்.

அகராதி பார்க்கும் வித்தை தனியாகப் பயிலத்தக்கது. அரபு அகராதிகள் பெரும்பாலும் சொல்லின் வேர் எழுத்துக்களின் வரிசையில் அமைந்தவையாதலால், ஸர்ஃபு அறியாதவருக்கு அவை பூட்டிய பெட்டிகளே. ஹான்ஸ் வேர் தொகுத்து 1961இல் ஆங்கில வடிவம் பெற்ற அகராதி இக்கால எழுத்துநடைக்கு ஏற்றது. ஆனால் பத்தாம் நூற்றாண்டு நூலொன்றுக்கு அதை மட்டும் நம்பினால் பொருள் பிறழும். பழைய நூல்களுக்கு எட்வர்ட் லேனின் பேரகராதியும், 1863 முதல் 1893 வரை வெளிவந்த அது இறுதி எழுத்துக்களிற் குறைவுடையதாதலால், இப்னு மன்ஸூரின் லிஸானுல் அரபும் துணையாக வேண்டும்.

வட ஆர்க்காட்டு மதரஸாக்களில் உருது பெரிதும் வழங்குவதால், தமிழ் மட்டும் அறிந்தவர் கொஞ்சம் உருது பழகிக்கொண்டால் உஸ்தாதின் விளக்கமும் வட இந்திய உரைநூல்களும் எளிதில் வசப்படும். அமெரிக்கச் சர்வகலாசாலைகளில் டாக்டர் பட்டத்துக்குப் பயில்வோரிடம் பிரெஞ்சோ ஜெர்மனோ வாசிக்கும் ஆற்றலும் பெரும்பாலும் எதிர்பார்க்கப்படுகிறது. அதனை முதலிலேயே சுமக்க வேண்டியதில்லை, பிந்திய ஆண்டுகளில் பார்த்துக்கொள்ளலாம்.

4. ஒரு நூலை முழுதும் ஓதுதல்

இவ்வத்தியாயத்தின் சாரம் இப்பகுதியில் உள்ளது. பத்து நூல்களின் முகவுரைகளை வாசித்தவரை விட ஒரு சிறு நூலை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை உரையோடு ஓதியவரே மேற்படிப்புக்குத் தகுதியானவர். அரபுக் கல்வி மரபில் மூலத்துக்கு மத்னு என்றும், அதன் உரைக்கு ஷரஹு என்றும், உரையின்மேல் எழும் குறிப்புரைக்கு ஹாஷியா என்றும் பெயர். தமிழருக்கு இவ்வமைப்புப் புதிதன்று. பன்னிரண்டே சூத்திரங்களான சிவஞானபோதத்தைச் சிவஞான முனிவரின் சிற்றுரையோடும் மாபாடியத்தோடும் பாடம் கேட்ட மரபு இச்சைவத் திருப்பதியிலும் அறியப்பட்டதே. சுருங்கிய மூலம், விரிந்த உரை, உரையாசிரியரிடையே நிகழும் வாதம், மாற்றாரின் கட்சியை முன்வைத்துப் பின்னர் மறுக்கும் முறை ஆகியவற்றில் பழகிய தமிழ் மாணாக்கர், அரபு உரைநூல்களை அணுகும்போது அந்நியத்தன்மை கொள்ள வேண்டியதில்லை.

எடுத்துக்காட்டாக, 1142இல் மறைந்த நஜ்முத்தீன் உமர் நஸஃபி இயற்றிய அகாயித் என்னும் கொள்கைச் சுருக்கம் சில பக்கங்களே உடையது. 1390இல் மறைந்த தஃப்தாஸானி அதற்கு எழுதிய ஷரஹு நம் நாட்டு மதரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டுவருகிறது. அவ்வுரையின்மேல் கயாலி முதலியோர் ஹாஷியாக்கள் எழுதினர். அறிவு எவ்வழிகளில் உண்டாகிறது என்பதில் தொடங்கி, உலகின் தோற்றம், இறைவனின் பண்புகள், மனிதனின் செயலுரிமை என்று செல்லும் அந்நூலை உரையோடு ஓதியவர் இஸ்லாமியத் தத்துவ வாதங்களின் பெரும்பாலான கலைச்சொற்களை ஒருங்கே பெற்றுவிடுகிறார். தனியாக வாசிக்க விரும்புவோருக்கு, 1111இல் மறைந்த கஸ்ஸாலி தம் ஐயங்களையும் தேடலையும் தாமே எடுத்துரைக்கும் அல்முன்கித் மினழ் ழலால் தெளிந்த உரைநடையும் அடக்கமான அளவும் உடையது. அதுவே முதல் நூலாக அமையலாம்.

ஓதும் முறையில் மதரஸாக்களின் மூன்று வழக்கங்களைக் கல்லூரி மாணாக்கரும் அப்படியே கைக்கொள்ள வேண்டும். பாடத்துக்கு முந்திய இரவு, மறுநாட் பகுதியை அகராதியோடு தாமே வாசித்துவைக்கும் முதாலஆ ஒன்று. உஸ்தாதின் முன் இபாரத்தை வாய்விட்டு வாசித்துத் திருத்தம் பெறுதல் இரண்டு. பாடம் முடிந்தபின் இருவர் மூவராக உட்கார்ந்து ஒருவர் ஆசிரியராகவும் மற்றவர் கேட்பவராகவும் அதே பாடத்தைத் திருப்பிச் சொல்லும் தக்ரார் மூன்று. இவற்றோடு நான்காவதாக, ஓதிய ஒவ்வொரு பகுதியையும் தமிழில் மொழிபெயர்த்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும். புரிந்ததாக நினைத்திருந்தது உண்மையில் புரிந்ததா என்பது தாய்மொழியில் எழுத முயலும்போதுதான் வெளியாகும்.

5. சிந்தனையின் சரித்திரம்

மூலநூல் ஒன்றில் காலூன்றியபின்னரே பரந்த சரித்திரத்தைப் பார்ப்பது பயன்தரும். பொது அறிமுகத்துக்கு மார்ஷல் ஹாட்ஜ்ஸன் 1974இல் வெளிவந்த மூன்று தொகுதிகளில் எழுதிய இஸ்லாமிய நாகரிக சரித்திரமும், ஒவ்வொரு பொருளிலும் ஐயம் தீர்க்க லெய்டனின் பிரில் நிறுவனம் வெளியிட்ட இஸ்லாமியக் கலைக்களஞ்சியமும் போதும். இப்னு ஸீனா, கஸ்ஸாலி, இப்னு ருஷ்து, இப்னு கல்தூன் ஆகிய நால்வரின் காலவரிசையும் ஒருவருக்கொருவர் உள்ள தொடர்பும் மனத்தில் தெளிவாகப் பதிந்திருக்க வேண்டும்; குறிப்பாகத் தத்துவ ஞானிகளைக் கஸ்ஸாலி மறுத்ததும், அம்மறுப்பை 1198இல் மறைந்த இப்னு ருஷ்து மறுத்ததும் வாதமுறை பயில்வோருக்குப் பாடமாகும்.

ஆனால் சரித்திரம் பாக்தாதிலும் கொர்தோபாவிலும் முடிந்துவிட்டதாக எண்ணுவது பெரும் பிழை. டில்லியில் ஷாஹ் வலியுல்லாஹ் தம் தலைசிறந்த நூலை அரபியிலேயே எழுதினார். லக்னோவின் ஃபிரங்கி மஹலில் வாழ்ந்து 1748இல் மறைந்த முல்லா நிஜாமுத்தீன் வகுத்த பாடத்திட்டமே, தர்ஸே நிஜாமி என்ற பெயருடன் உபகண்டத்து மதரஸாக்களில் நிலைபெற்றது. அவருடைய புதல்வர் அப்துல் அலி, பஹ்ருல் உலூம் என்று சிறப்பிக்கப்பெற்றவர், ஆர்க்காட்டு நவாப் வாலாஜாவின் அழைப்பை ஏற்றுச் சென்னைக்கு வந்து கற்பித்து, 1810இல் மறைந்து, திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலை ஒட்டி அடக்கமானார். சட்ட மூலதத்துவங்களில் அவர் எழுதிய பேருரை இன்றும் அரபு நாடுகளில் அச்சாகிறது. இத்தகைய ஒருவர் நம் தலைநகரில் உறங்குகிறார் என்பதை அறியாத மாணாக்கர், வெளிநாட்டுப் பேராசிரியர் கேட்டபின் அறிந்துகொள்ளும் நிலை வரலாகாது.

6. ஆராய்ச்சிப் பொருளைத் தேர்தல்

விண்ணப்பங்களில் ‘இஸ்லாமும் நவீன உலகமும்’ போன்ற அகன்ற தலைப்புக்களை எழுதுவோர் ஆயிரக்கணக்கானோர். அவர்களிடையே தனித்து நிற்க விரும்பும் தமிழ் மாணாக்கருக்குத் தாய்மொழியே பெரிய ஆயுதம். அரபும் தமிழும் ஒருங்கே வாசிக்க வல்ல ஆராய்ச்சியாளர் உலகிற் சிலரே. அவ்விரண்டும் வேண்டப்படும் பொருள்களோ பல.

கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய கடற்கரைப் பட்டினங்களின் ஆலிம்கள் அரபியிலும், அரபு எழுத்தால் தமிழை எழுதும் அரபுத்தமிழிலும் எழுதிக் குவித்தவை இன்னும் முறையாகப் பதிப்பிக்கப்படவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் ஸதக்கத்துல்லாஹ் அப்பாவும், 1898இல் மறைந்த கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிமும் இவ்வகையில் தலையாயோர். 1572இல் இயற்றப்பட்ட ஆயிர மசலா என்னும் நூலை, அதன் மலாய், ஜாவா வடிவங்களோடு ஒப்பிட்டு ரோனிட் ரிச்சி 2011இல் வெளியிட்ட ஆங்கில நூல் உலக கவனத்தைப் பெற்றது. அவ்வழியில் செல்ல இன்னும் பல தமிழ் நூல்கள் காத்திருக்கின்றன. பொன்னானியின் ஸைனுத்தீன் மக்தூம் பதினாறாம் நூற்றாண்டில் எழுதிய ஃபத்ஹுல் முயீன் என்னும் ஷாஃபியீ சட்டநூல் கடல் கடந்து பரவிய கதையும், வட ஆர்க்காட்டில் ஹனஃபி மரபும் கடற்கரையில் ஷாஃபியீ மரபும் அருகருகே வாழ்ந்த முறையும் தனித்தனியே ஆராயத்தக்கவை.

ஏட்டுப் பிரதிகளோடு பழகுவதற்குச் சென்னை செல்ல வேண்டும். 1869இல் ஏற்பட்ட அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் தமிழ், சம்ஸ்கிருதச் சுவடிகளோடு அரபு, பாரசீகப் பிரதிகளும் உண்டு. பிரதிகளை ஒப்பிடுவதன் பயனுக்கு, சென்னைக் காஜிகளின் வமிசத்தில் வந்து 1908இல் ஹைதராபாத்திற் பிறந்த முஹம்மது ஹமீதுல்லாஹ் நல்ல சாக்ஷி. ஹம்மாம் இப்னு முனப்பிஹ் தொகுத்த மிகப் பழைய ஹதீஸ் ஏட்டை, பெர்லினிலும் டமாஸ்கஸிலும் கிடைத்த இரு பிரதிகளைக் கொண்டு பதிப்பித்து அவர் வெளிப்படுத்தினார். ஹைதராபாத்தில் 1888இல் தோன்றிய தாயிரத்துல் மஆரிஃப் பதிப்பகத்தின் வெளியீடுகளும் பதிப்புக்கலைக்கு முன்மாதிரிகள்.

7. இடங்களும் பரீட்சைகளும்

தமிழ்நாட்டுக்குள் சென்னைச் சர்வகலாசாலையின் அரபு, பாரசீக, உருதுத் துறை 1927 முதல் இயங்குவது. இஸ்லாமியவியலுக்கென்று நீதிபதி பஷீர் அஹமது ஸயீத் பெயரால் அங்கே ஒரு மையமும் உண்டு. 1951இல் தோன்றிய திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் சென்னைப் புதுக்கல்லூரியும், வண்டலூரின் கிரசென்ட் நிறுவனமும் அடுத்துக் கருதத்தக்கவை. வெளியே, அலிகார், ஜாமியா மில்லியா, ஜவாஹர்லால் நேரு சர்வகலாசாலை, ஹைதராபாத்தின் ஆங்கில–அந்நிய மொழிகள் சர்வகலாசாலை ஆகியவை பெயர்பெற்றவை. இலங்கையில் ஒலுவிலிலுள்ள தென்கிழக்குச் சர்வகலாசாலையும், 1973இல் எழுந்த பேருவளை நளீமிய்யாவும் தமிழ் பேசும் ஆலிம்களை நவீன ஆராய்ச்சியோடு இணைத்த இடங்கள். மலேசியாவின் சர்வதேச இஸ்லாமியச் சர்வகலாசாலை 1983இலும், கனடாவில் மக்கில்லின் இஸ்லாமியவியல் நிறுவனம் 1952இலும் தோன்றின.

மத்திய சர்வகலாசாலைகள் பலவற்றின் எம்.ஏ. சேர்க்கைக்கு சி.யு.இ.டி. முதுநிலைப் பரீட்சை எழுத வேண்டும். எம்.ஏ. படிக்கும்போதே யு.ஜி.சி. நெட் பரீட்சைக்கு ஆயத்தமாவது விவேகம். அதில் ‘அரபு’ என்றும், ‘அரபுக் கலாசாரமும் இஸ்லாமியவியலும்’ என்றும் இரு தனிப் பாடங்கள் உள்ளன. முதல் தாளில் 50 வினாக்களும் இரண்டாம் தாளில் 100 வினாக்களுமாக மூன்று மணி நேரத்தில் எழுதவேண்டியது அது. உயர்ந்த மதிப்பெண் பெறுவோருக்கு ஆராய்ச்சி உதவித்தொகையும் கிடைக்கும்.

விண்ணப்பத்துக்கு வேண்டியவற்றை ஓராண்டுக்கு முன்பே திரட்டத் தொடங்குக:

— ஸனது, மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் நற்பிரதிகளும் ஆங்கில மொழிபெயர்ப்பும். அரபுப் பெயர்கள் ஸனதில் ஒருவிதமாகவும் ஆதாரில் ஒருவிதமாகவும் பாஸ்போர்ட்டில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருப்பது நம் பக்கத்தில் சர்வ சாதாரணம். எழுத்துக்கு எழுத்து ஒன்றாகும்படி முதலிலேயே திருத்திக்கொள்ள வேண்டும்.

— இரண்டு அல்லது மூன்று பரிந்துரைக் கடிதங்கள். பெரிய பதவியிலிருப்பவர் எழுதும் பொதுப் புகழுரையைவிட, உங்கள் வாசிப்பை வாரந்தோறும் கேட்டுத் திருத்திய உஸ்தாது இன்ன நூலை இவ்வளவு ஓதினார் என்று எழுதும் நான்கு வரிகள் மேலானவை.

— நோக்க அறிக்கை. ஓதிய நூல்களின் பெயர், ஆராய விரும்பும் வினா, அத்துறையில் அதற்கு வழிகாட்டக்கூடியவர் யார் என்ற மூன்றும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். ஜீவிய சரித்திரம் வேண்டா.

— எழுத்து மாதிரி. அரபு மூலப் பகுதியொன்றைத் தாமே மொழிபெயர்த்து, அதன்மேல் வாதம் செய்யும் கட்டுரையாக அது அமையட்டும். அரபுச் சொற்களை ரோமன் எழுத்தில் பெயர்க்கும் முறை ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதையே பின்பற்றுக.

8. இரண்டாண்டுத் திட்டம்

முதல் ஆறு மாதம்: மதீனா புத்தகத்தின் மூன்று பாகங்களும் ஸர்ஃபு வாய்பாடுகளும். இக்காலத்தில் வேறெதையும் தொட வேண்டா.

இரண்டாம் ஆறு மாதம்: ஒரு நஹ்வு நூல் முழுமையும், உயிர்க்குறியிட்ட எளிய உரைநடை, வேலூரிலோ உள்ளூரிலோ ஓர் உஸ்தாதிடம் வாரப் பாடம்.

மூன்றாம் ஆறு மாதம்: குறியில்லாத மூலநூல் ஒன்று, முதாலஆ, தக்ரார், தமிழாக்கம் ஆகிய மூன்றோடும், பக்கத்திற் சிந்தனைச் சரித்திரம்.

நான்காம் ஆறு மாதம்: அந்நூல் முடிவு, சென்னைச் சுவடி நூலகத்தில் சில நாட்கள், எழுத்து மாதிரி, பரீட்சை, விண்ணப்பம்.

மதரஸாவில் ஓதியவர் முதல் இரண்டு பகுதிகளை ஆங்கில எழுத்துப் பயிற்சிக்கும் சரித்திர முறைக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

வேலைவாய்ப்பைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கல்லூரி ஆசிரியப் பணி, மொழிபெயர்ப்பு, நூலகம், பதிப்பகம் ஆகியவையே இத்துறையின் வழக்கமான ஜீவனோபாயங்கள். இடங்கள் குறைவு, காத்திருப்பு நீண்டது. வளைகுடா நாடுகளோடு வாணிபம் செய்யும் நிறுவனங்களுக்கு இக்கால அரபு எழுதவும் பேசவும் வல்லவர் தேவைப்படுவதால், பழைய நூல்களோடு பத்திரிகை நடையையும் பழகிவைத்தவருக்கு இடைக்காலம் கடினமாகாது.

வாசகரே, இவ்வத்தியாயத்தை மூடியதும் சர்வகலாசாலைகளின் விளம்பரங்களைத் தேடப் புறப்படாதீர். உமது ஊரில் அரபு ஓதிய ஓர் ஆலிமைத் தேடிச் சென்று, இன்ன நூலை உங்களிடம் முழுதும் ஓத விரும்புகிறேன், எந்த நாள் வரலாம் என்று கேளும். அவர் ஒரு நாளைக் குறித்துவிட்டால் உமது மேற்படிப்பு அன்றே தொடங்கிவிட்டது என்று கொள்க; விண்ணப்பப் படிவம் அடுத்த வருஷம் நிரப்பத்தக்கது.